வரத்தும் கலிங்கும்: கடுஞ்சூழலில் பாசிகள் ஒளியைப் பிடிக்கும் விதம்

முழு வெயிலிலும் ஒரு பச்சைய மூலக்கூறு விநாடிக்குப் பத்து ஒளித்துகள்களைப் பிடித்தால் அதிகம். நிழல் விழுந்தால் அந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். நீரைப் பிளந்து ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறை வெளியிடவோ குறைந்தது எட்டு ஒளித்துகள்கள் வேண்டும். அந்த வேலையும் ஒரே மூச்சில் முடிவதில்லை. நான்கு படிகளில் நடக்கிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே நேரம் நீண்டுவிட்டால் அதுவரை சேர்த்தது கலைந்துபோகும். பச்சைய மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருந்தால் பெரும்பாலான உழைப்பு இப்படியே வீணாகும்.

அப்படி அவை செய்வதில்லை என்பது 1932-இல் தெரியவந்தது. ராபர்ட் எமர்சனும் வில்லியம் ஆர்னால்டும் குளோரெல்லா என்ற பச்சைப்பாசியின் மீது மிகக் குறுகிய ஒளிவெட்டுகளைப் பாய்ச்சி, ஒவ்வொரு வெட்டுக்கும் எவ்வளவு ஆக்ஸிஜன் வெளிவருகிறது என்று அளந்தார்கள். ஒளியை எவ்வளவு கூட்டினாலும், சுமார் 2500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு என்ற வரம்பை அது தாண்டவில்லை. வேதிவினையை நடத்தும் இடங்கள் மிகச் சில. மற்ற பச்சையம் எல்லாம் அந்தச் சில இடங்களுக்கு ஆற்றலைக் கொண்டுசேர்க்கும் கூட்டம் என்ற முடிவுக்கு இதுவே வழி வகுத்தது.

ஏரியை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. மழை விழுவது பரந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில். அது வரத்து வாய்க்கால்கள் வழியே ஓடி ஏரியில் சேர்கிறது. ஒளிச்சேர்க்கையில் ஏரியின் இடத்தில் இருப்பது வினை மையம். வினை மையங்கள் இரு வகை ஒளித்தொகுதிகளில் உள்ளன: ஒளித்தொகுதி ஒன்றில் 700 நானோமீட்டர் ஒளியையும், நீரைப் பிளக்கும் ஒளித்தொகுதி இரண்டில் 680 நானோமீட்டர் ஒளியையும் ஏற்கும் பச்சையங்கள் இந்த மையங்களில் அமர்ந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் புரதங்கள் நூற்றுக்கணக்கான நிறமிகளைத் தாங்கி நிற்கின்றன. ஆன்டெனா என்று உயிர்வேதியியலில் வழங்கும் இந்தச் சுற்றமைப்பே நீர்ப்பிடிப்பு. ஒரு நிறமி பிடித்த கிளர்ச்சி ஆற்றல் அடுத்ததற்குத் தாவிச் சில நூறு பிக்கோவிநாடிகளுக்குள் மையத்தை எட்டிவிடுகிறது. பிக்கோவிநாடி என்பது விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

பசலைக்கீரையிலும் அன்டார்க்டிகப் பாசியிலும் வினை மையம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக்ஸிஜன் வெளியிடும் ஒளிச்சேர்க்கை தோன்றி இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அடிப்படை அமைப்பில் பெரிய மாறுதல் இல்லை. மாறியது பெரும்பாலும் ஆன்டெனாதான். ஒளி வறண்ட இடத்தில் நீர்ப்பிடிப்பு விரிகிறது. ஒளி வெள்ளமாகப் பாயும் இடத்தில் அது சுருங்குகிறது, மிகுதியை வெளியேற்றக் கலிங்கும் கட்டப்படுகிறது. கடுஞ்சூழல் பாசிகளின் ஒளி அறுவடையை இந்த இரண்டு நெருக்கடிகளைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

முதலில் வறட்சி. கடல்நீர் ஒளியைக் குறைப்பதோடு அதன் நிறத்தையும் மாற்றிவிடுகிறது. சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். தெளிந்த கடலில் ஆழம் போகப்போக மிஞ்சுவது 480 நானோமீட்டரை ஒட்டிய நீலம். பச்சையம் சிவப்பையும் நீல ஊதாவையும் நன்றாகப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் நீலப்பச்சையையும் பச்சையையும் பெரும்பாலும் தவறவிடும். அந்த இடைவெளியைச் செம்பாசிகள் ஃபைகோஎரித்ரின் என்ற சிவப்பு நிறமிப்புரதத்தால் நிரப்புகின்றன. அது ஏறக்குறைய 495 முதல் 570 நானோமீட்டர் வரையான ஒளியைப் பிடித்து, 620-ஐ ஏற்கும் ஃபைகோசயனினுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து 650-ஐ ஏற்கும் அல்லோஃபைகோசயனினுக்கும், பிறகு பச்சையத்துக்கும் ஆற்றல் இறங்குகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆற்றலில் சிறிது வெப்பமாகக் கழிவதால் திரும்பி ஓடுவது கடினம். பள்ளம் பார்த்து ஓடும் நீர் போல அது மையத்தை நோக்கியே செல்கிறது. இந்த நிறமிப்புரதங்கள் விசிறி போல அடுக்கப்பட்ட அமைப்புக்கு ஃபைகோபிலிசோம் என்று பெயர். பிடித்த ஆற்றலில் 95 சதவீதத்துக்கும் மேல் அது பத்திரமாகக் கொண்டுசேர்க்கிறது.

இதுவரை அறியப்பட்டவற்றுள் மிக ஆழத்தில் வாழும் கடற்பாசி ஒரு செம்பாசிதான். பஹாமாஸ் தீவுகளில் சான் சால்வடோருக்கு அருகே கடலடி மலை ஒன்றில், 268 மீட்டர் ஆழத்தில், பாறையோடு பாறையாகப் படர்ந்த சுண்ணாம்பு உடல் கொண்ட பாசியை 1984-இல் நீர்மூழ்கிக் கலத்தில் சென்ற மார்க் லிட்லரும் டயான் லிட்லரும் கண்டார்கள். அங்கே எட்டும் ஒளி மேற்பரப்பு ஒளியில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. ஆழத்துக்கு ஆழம் பாசியின் நிறம் அங்கு கிடைக்கும் ஒளிக்கு இணங்க மாறுகிறது என்று தியோடர் எங்கெல்மன் 1883-இல் சொன்ன கருத்துக்கு இது கச்சிதமான சான்று போலத் தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதல்ல. அதே மலையில் நூறு மீட்டருக்குக் கீழும் பச்சைப்பாசிகள் வாழ்கின்றன. நிறமியின் நிறத்தைவிட அதன் அளவு சில வேளைகளில் முக்கியமாகிவிடுகிறது: போதுமான அடர்த்தியில் அடுக்கினால் பச்சையமும் பச்சை ஒளியைப் பிடித்துவிடும். எங்கெல்மனின் விளக்கம் இன்னும் பாடநூல்களில் இடம்பெறுவதற்கு அதன் அழகும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பனிக்கட்டிக்கு அடியிலும் இதே வறட்சி உண்டு. குளிர் அதைக் கடுமையாக்குகிறது. துருவக் கடல்பனியின் அடிப்புறத்தில், உப்புநீர் தேங்கிய நுண்வழிகளில், டயட்டம்கள் என்ற நுண்பாசிகள் பழுப்புப் படலமாகப் படர்கின்றன. பழுப்புக்குக் காரணம் ஃபியூகோசாந்தின். கரோட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்த இது, தன் உறவினங்களைப் போல நீலத்தோடு நின்றுவிடாமல், புரதத்தோடு பிணைந்த நிலையில் நீலப்பச்சையையும் தாண்டிப் பச்சை ஒளியின் ஒரு பகுதியைப் பிடிக்கிறது. பனிக்கட்டியும் நீரும் சிவப்பை வடிகட்டிவிடும் இடத்தில் அதுவே பெரிய வரவு. மேலே புதுப்பனி கொட்டினால் அந்த வரவும் சரியும். கடல்பனிக்கு அடியிலான இருட்டைத் தீர்மானிப்பதில் கட்டியின் தடிமனைவிட அதன் மேல் படிந்த பொடிப்பனிக்குப் பங்கு அதிகம்.

எவ்வளவு குறைந்த ஒளியில் ஒளிச்சேர்க்கை நடக்கும்? நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. கோட்பாட்டுக் கணக்குகள் காட்டும் அடிமட்டம் 0.01 மைக்ரோமோல். அதற்குக் கீழே வரவைவிடச் செலவு மிஞ்சிவிடும். நெடுங்காலம் இது காகிதக் கணக்காகவே இருந்தது. 2019 இலையுதிர் காலம் முதல் ஓராண்டு ஆர்க்டிக் பனியில் உறைந்து மிதந்த போலார்ஸ்டெர்ன் ஆய்வுக்கப்பலிலிருந்து கிடைத்த அளவீடுகள் அதற்கு வெகு அருகில் வந்தன. துருவ இரவு முடிந்து, 2020 மார்ச் இறுதியில், சூரியன் அடிவானத்தில் தலைகாட்டத் தொடங்கிய சில நாட்களிலேயே, பனி மூடிய நீரில் நுண்பாசிகள் பெருகத் தொடங்கிவிட்டன. அப்போது அங்கே இருந்த ஒளி 0.04 மைக்ரோமோல் அளவு, அதாவது நண்பகல் வெயிலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்தைச் சேர்ந்த கிளாரா ஹோப்பும் சக ஆய்வாளர்களும் 2024-இல் இதை வெளியிட்டார்கள். இருள்காலம் முழுவதும் இந்தப் பாசிகள் தம் ஒளிப்பொறியைக் கலைத்துவிடாமல் தயார் நிலையில் வைத்திருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு விரைவில் விழித்திருக்க முடியாது.

அன்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளில் உள்ள போனி ஏரி இன்னொரு விதமான இடம். ஆண்டு முழுவதும் சில மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி அதை மூடியிருக்கிறது. 17 மீட்டர் ஆழத்தில் நீர் கடல்நீரைவிட உப்பு. வெப்பநிலை ஆண்டு முழுக்க ஏறத்தாழ 5 டிகிரி. அங்கே 1990-களில் பிரித்தெடுக்கப்பட்டு, ஆய்வகக் குறியெண்ணால் நெடுங்காலம் அறியப்பட்ட பாசிக்கு இப்போது கிளமைடோமோனாஸ் பிரிஸ்குயி என்று பெயர். வெளியில் வாழும் அதன் உறவினங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒளியின் நிறம் மாறும்போது ஆன்டெனாவின் ஒரு பகுதியைக் கழற்றி, ஓர் ஒளித்தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும். வாய்க்காலின் தலைமாட்டில் பலகையை மாற்றி நீரைத் திருப்புவது போன்ற வேலை இது. போனி ஏரியில் ஒளியின் நிறம் மாறுவதே இல்லை, எப்போதும் நீலப்பச்சைதான். அங்குள்ள பாசியில் இந்தத் திறன் மிகவும் மங்கிவிட்டது. அதற்குப் பதிலாக ஒளித்தொகுதி ஒன்று, பக்கத்துப் புரதக் கூட்டோடு நிலையாக ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைச் சுற்றிச்சுற்றி ஓடவைக்கிறது. இதனால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. கூடுதலாகக் கிடைக்கிறது. உப்பைச் சமாளிக்கக் கிளிசரால் தயாரிக்கும் உயிரிக்கு அது தேவைப்படும் செலவுப்பணம்.

ஒளி மிகுந்துவிட்டால் வரும் ஆபத்து வேறு. மையம் கையாள முடியாத அளவுக்கு ஆற்றல் வந்து குவிந்தால், கிளர்ச்சியுற்ற பச்சையம் அதை அருகிலிருக்கும் ஆக்ஸிஜனிடம் தள்ளிவிடும். அப்படி உருவாகும் வினைமிகு ஆக்ஸிஜன் புரதங்களையும் சவ்வுகளையும் அரித்துவிடும். குளிர் இதை மேலும் மோசமாக்கும். ஒளியைப் பிடிப்பது வெப்பநிலையைப் பொறுத்ததல்ல. பிடித்த ஆற்றலைச் செலவிட்டுச் சர்க்கரை செய்யும் நொதிகளோ குளிரில் மந்தமாகிவிடும். வெள்ளைப் பனிப்பரப்பின் மேல், மேலிருந்து வரும் வெயிலையும் கீழிருந்து எதிரொளிக்கும் வெயிலையும் தாங்கி வாழும் பாசியின் நிலை அதுதான்.

1818-இல் வடமேற்குக் கடல்வழியைத் தேடிச் சென்ற ஜான் ராஸ், கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் செங்குன்றுகளைப் போல நின்ற பனிச்சரிவுகளைக் கண்டு மாதிரி எடுத்துவந்தார். சிவப்புக்குக் காரணம் ஒரு பச்சைப்பாசி. அதன் ஓய்வுநிலைச் செல்களில், பசுங்கணிகத்துக்கு வெளியே, எண்ணெய்த் துளிகளில் அஸ்டாசாந்தின் நிறைந்திருக்கிறது. வேகவைத்த இறாலைச் சிவப்பாக்கும் நிறமியும் இதுவே. ஃபியூகோசாந்தினைப் போல அது ஆற்றலை மையத்துக்குக் கொடுப்பதில்லை. நீலத்தையும் நீலப்பச்சையையும் தானே விழுங்கி, பசுங்கணிகத்தின் மேல் கூரையாக நிற்கிறது. விழுங்கிய ஒளி வெப்பமாகிச் சுற்றியுள்ள பனியைச் சிறிது உருக்குகிறது. திரவ நீர் கிடைக்காத இடத்தில் பாசிக்கு இது உபரி லாபம். பனிமலைகளுக்கு அப்படியல்ல: நிறம் ஏறிய பனி வெயிலை அதிகம் உறிஞ்சி விரைவாக உருகுகிறது. கிரீன்லாந்தின் வெற்றுப் பனிக்கட்டியில் வாழும் வேறொரு பாசி, கரோட்டினாய்டை விட்டுவிட்டுப் பழுப்பு ஊதா நிறமுள்ள ஃபீனால் சேர்மத்தை இதே வேலைக்குப் பயன்படுத்துகிறது.

உப்பேரிகளில் இந்தக் கூரை இன்னொரு இடத்தில் வேயப்படுகிறது. டுனாலியெல்லா சலினா செல்சுவர் இல்லாத ஒற்றைச்செல் பாசி. உப்பு ஏறக்குறைய பூரித நிலையை எட்டிய நீரிலும் அது உயிர்வாழும். வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களின் முற்றிய பாத்திகளிலும் உண்டு. பாத்திநீரின் இளஞ்சிவப்புக்கு அதுவும் உப்புவிரும்பும் ஆர்க்கியாக்களும் சேர்ந்து காரணம். கடும் வெயிலும் உப்பும் ஊட்டக்குறைவும் சேரும்போது அதன் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை பீட்டா கரோட்டினாகிவிடும். காரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தருவதும் இதே சேர்மம். அது பசுங்கணிகத்துக்கு உள்ளேயே, தைலகாய்டு என்ற ஒளிச்சேர்க்கைச் சவ்வடுக்குகளுக்கு நடுவே, துளிகளாகத் திரள்கிறது. அதே சமயம் ஆன்டெனாவும் சுருங்குகிறது. மங்கிய ஒளியில் வளர்த்தால் ஒளித்தொகுதி இரண்டின் ஒரு மையத்துக்குச் சுமார் 500 பச்சைய மூலக்கூறுகள் ஊழியம் செய்கின்றன. கடும் ஒளியில் வளர்த்தால் அது 60 அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதற்கும் மேல் வருவதைக் கழிக்க, வயலாசாந்தின் என்ற நிறமி சியாசாந்தினாக மாறிக் கிளர்ச்சி ஆற்றலை வெப்பமாக்கி விடுகிறது. மழை குறைந்ததும் கலிங்கு அடைபடுவது போல, ஒளி தணிந்ததும் சியாசாந்தின் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நிலத்துச் செடிகளிலும் இந்தக் கலிங்கு உண்டு; டயட்டம்களில் வேறு இரண்டு நிறமிகள் இதே வேலையைச் செய்கின்றன.

அமில வெந்நீர் ஊற்றுகளில் சிக்கல் ஒளியைவிட வேதியியலில்தான் அதிகம். இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகிலும் அமெரிக்காவின் எல்லோஸ்டோனிலும், கந்தக அமிலம் கலந்த சூட்டு நீரில், சயனிடியம் வகைச் செம்பாசிகள் வாழ்கின்றன. இவற்றுள் ஒன்றான கால்டீரியா 56 டிகிரி வரை தாங்கும். செம்பாசி என்று பெயர் இருந்தாலும் இவை நீலப்பச்சை நிறத்தவை. ஆழமில்லாத நீரில் சிவப்பு ஒளி தாராளமாகக் கிடைப்பதாலோ என்னவோ, ஃபைகோஎரித்ரின் இல்லாமல் ஃபைகோசயனினோடு இவற்றின் விசிறி முடிந்துவிடுகிறது. ஒளித்தொகுதி இரண்டைச் சுற்றிப் பச்சைப்பாசிகளுக்கு உள்ள பச்சையப் புரத ஆன்டெனாவும் இவற்றுக்குக் கிடையாது. ஆதலால் இந்த வகையைச் சேர்ந்த சயனிடியோசைசன் மெரோலேயில் மிகை ஆற்றலைக் கழிக்கும் வேலை பெரும்பாலும் வினை மையத்திலேயே நடக்கிறது. ஏரிக்கு வெளியே கலிங்கு கட்ட இடமில்லாததால் கரையிலேயே வழி வைத்தது போன்ற நிலை இது. கால்டீரியாவுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: பாறை இடுக்கின் இருட்டில் சர்க்கரை கிடைத்தால் அதை உண்டே வளரும். அதன் சில வகைகள் அப்போது நிறமிகளையும் பெருமளவு இழந்துவிடும்.

வறட்சியும் வெள்ளமும் ஒரே பாசிக்கு, சில மில்லிமீட்டர் இடைவெளியில், ஒரே நேரத்தில் நேர்வதும் உண்டு. பிராசியோலா கிறிஸ்பா அன்டார்க்டிகாவின் பனியற்ற தரையில், குறிப்பாகப் பெங்குவின் எச்சத்தால் தழைச்சத்து ஏறிய இடங்களில், சுருண்ட பச்சை இலைகளைப் போல வளர்கிறது. இலை ஒரு செல் தடிமன்தான். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து பாய் விரித்தாற்போல் கிடக்கும். மேலடுக்கு வெயிலில் காய்ந்து, உறைந்து, மீண்டும் நனைகிறது. அடியடுக்குக்கு வரும் ஒளியில் நீலமும் சிவப்பும் மேலே இருக்கும் இலைகளால் உண்ணப்பட்டுவிட்டன. மிஞ்சி இறங்குவது 700 நானோமீட்டருக்கு அப்பாலான தூரச்சிவப்பு. சாதாரணப் பச்சையத்துக்கு அது பயன்படாத எச்சில்.

இந்த எச்சிலைப் பிராசியோலா உண்கிறது. அதன் தூரச்சிவப்பு ஆன்டெனாவின் கட்டமைப்பை மகிகோ கொசுகியும் சக ஜப்பானிய ஆய்வாளர்களும் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டறிந்து 2023-இல் வெளியிட்டார்கள். பதினொரு புரத அலகுகள் வளையமாகக் கோத்த அமைப்பு அது. அதிலுள்ள பச்சையம் எல்லாச் செடிகளிலும் இருப்பதுதான். புதிய வேதிச்சேர்மம் எதுவும் இல்லை. ஆனால் புரதம் சில பச்சைய மூலக்கூறுகளை மிக நெருக்கமாக நிறுத்தி வைத்திருக்கிறது. நெருங்கி நிற்பவை தனித்தனியாக ஒளியை ஏற்காமல் ஒரே மூலக்கூறு போல நடந்துகொள்கின்றன. அவை ஏற்கும் ஒளியும் 708 நானோமீட்டருக்கு நகர்ந்துவிடுகிறது.

வியப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. 708 நானோமீட்டர் ஒளித்துகளின் ஆற்றல், 680-இல் இயங்கும் ஒளித்தொகுதி இரண்டின் மையத்துக்குத் தேவையானதைவிட ஏறத்தாழ 0.07 எலக்ட்ரான் வோல்ட் குறைவு. பள்ளத்து நீர் மேட்டு வாய்க்காலுக்கு ஏற வேண்டும். ஏற்றிவிடுவது சுற்றுப்புற வெப்பம். பூஜ்ஜியம் டிகிரியில் மூலக்கூறுகளின் வெப்ப அசைவுக்குரிய ஆற்றல் சுமார் 0.024 எலக்ட்ரான் வோல்ட். தேவையான உயரம் அதைப்போல மூன்று மடங்கு. ஒரு தாழ்ந்த மூலக்கூறையும் ஓர் உயர்ந்த மூலக்கூறையும் ஒப்பிட்டால், ஆற்றல் மேலே இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று. இது மோசமான வாய்ப்பு போலத் தெரிந்தாலும், தாவல்கள் பிக்கோவிநாடிகளில் நடக்கின்றன. பச்சையத்தின் கிளர்ச்சியோ நானோவிநாடிக் கணக்கில் நிலைக்கும். ஆக, ஆற்றலுக்குப் பல முயற்சிகள் கிடைக்கின்றன. தாழ்ந்த மூலக்கூறுகள் சிலவாகவும் உயர்ந்தவை பலவாகவும் இருப்பதும் ஏறுமுகத்துக்குச் சாதகம். ஒருமுறை மையத்தை அடைந்து எலக்ட்ரான் பிரிந்துவிட்டால் பெரும்பாலும் திரும்பி வராது. முடிவில், தூரச்சிவப்பு ஒளியைக் கொண்டு ஒளித்தொகுதி இரண்டை இயக்கும் திறன், கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு இயக்குவதற்கு ஏறக்குறைய இணையாகிவிடுகிறது. அன்டார்க்டிகக் குளிர்கூட இந்த ஏற்றத்துக்குப் போதிய சூட்டை வைத்திருக்கிறது.

வெப்பமண்டலக் கடலில் பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூட்டைத் துளைத்து வாழும் ஆஸ்ட்ரியோபியம் என்ற பச்சைப்பாசியும் இப்படி மேல்நோக்கி ஆற்றலை ஏற்றுகிறது. அதன் தலைக்கு மேல் பவளத்தோடு கூடிவாழும் பாசிகள் நல்ல ஒளியை எல்லாம் எடுத்துவிடுவதால், அதற்கும் தூரச்சிவப்பே மிச்சம்.

நீலப்பசும்பாசிகள் என்று வழங்கும் சயனோபாக்டீரியாக்களில் சில இதே பற்றாக்குறைக்கு வேறு தீர்வு கண்டன. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் நுண்ணுயிர்கள் எழுப்பிய ஸ்ட்ரோமட்டோலைட் பாறைகளிலிருந்து 2010-இல் மின் சென் குழுவினர் கண்டறிந்த எஃப் வகைப் பச்சையம், புரதத்தின் துணை இல்லாமலே 700 நானோமீட்டருக்கு அப்பால் ஒளியை ஏற்கும். 2018-இல் குரோகாக்சிடியாப்சிஸ் தெர்மாலிஸ் என்ற இனத்தில் நடந்த ஆய்வு, இத்தகைய பச்சையங்கள் ஆன்டெனாவோடு நிற்காமல் வினை மையத்துக்குள்ளும் புகுந்திருப்பதைக் காட்டியது. அங்கே ஒளித்தொகுதி இரண்டு 727 நானோமீட்டரிலும் ஒளித்தொகுதி ஒன்று 745 நானோமீட்டரிலும் இயங்குகின்றன. மேட்டுக்கு நீரை ஏற்றாமல் மடையையே தாழ்த்திக்கொண்ட ஏற்பாடு இது. இதற்கு விலையும் உண்டு. நீரைப் பிளக்கும் வேலை தாழ்ந்த ஆற்றலிலேயே முடிய வேண்டியிருப்பதால், கைமிஞ்சிய ஆற்றல் குறைகிறது. வெயில் ஏற்ற இறக்கங்களைத் தாங்கும் இடைவெளியும் அதோடு குறுகிவிடும். நிழல் மாறாத பாறை இடுக்குக்கு அது ஒத்துவரும். பிராசியோலாவின் பாய் அப்படி நிலையானதல்ல: காற்று மேலடுக்கைப் புரட்டினால் அடியிலிருந்த இலை அன்றே வெயிலுக்கு வந்துவிடும். அதன் ஒளித்தொகுதி இரண்டில் இருப்பது பசலைக்கீரையிலும் உள்ள அதே 680 நானோமீட்டர் மையம்தான்.